விஎஸ்-300: முதல் வடிவத்துக்கே திரும்பி வந்த ஹெலிகாப்டர் – ஒரு நிகழ்வு ஆய்வு

விஎஸ்-300 ஹெலிகாப்டரின் பழைய படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று கண்ணில் உறுத்தும். 1939 செப்டம்பரில் எடுத்த படத்தில் மேலே ஒரு பெரிய ரோட்டர் (சுழலும் இறக்கைத் தொகுதி), வால் நுனியில் ஒரு சிறிய ரோட்டர். 1941 டிசம்பர் படத்திலும் அதே ஏற்பாடு. இன்று வானில் பார்க்கிற பெரும்பாலான ஹெலிகாப்டர்களும் இப்படித்தான் இருக்கின்றன. ஆனால் இடையில், 1940 மே மாதத்திலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக் காலப் படங்களில் வாலில் மூன்று ரோட்டர்கள் நிற்கின்றன. ஒன்று செங்குத்தாக, மற்ற இரண்டும் பக்கவாட்டில் நீட்டிய கைகளின் நுனியில் படுக்கைவாட்டில்.

இதை உருவாக்கிய பொறியாளர் ஈகோர் சிகோர்ஸ்கியின் குழு சரியான வடிவத்தை முதல் நாளே பிடித்துவிட்டது. ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் வழி அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆகவே சிக்கல் தந்த பாகத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அழகில்லாத ஒரு மாற்று ஏற்பாட்டோடு வானில் ஏறினார்கள். பறக்கப் பறக்கக் கிடைத்த அறிவைக் கொண்டு அந்த மாற்று ஏற்பாட்டைப் படிப்படியாகக் களைந்தார்கள். ஹெலிகாப்டர் வரலாற்றில் இவ்வளவு தெளிவாகப் பாடம் சொல்லும் நிகழ்வு வேறு இல்லை என்றே சொல்வேன்.

‘உலகின் முதல் ஹெலிகாப்டர்’ என்ற பட்டத்தை இதற்குக் கொடுப்பது தவறு. பிரான்ஸில் பால் கோர்னு 1907 நவம்பரிலேயே தரையிலிருந்து சற்றே எழும்பினார். 1924-இல் எத்தியென் ஓமிஷென் ஒரு கிலோமீட்டர் சுற்றை முடித்தார். ஜெர்மனியில் ஹென்ரிக் ஃபோக்கெ உருவாக்கிய எஃப்டபிள்யூ 61 1936 ஜூனில் பறந்தது. அடுத்த ஆண்டே 1 மணி 20 நிமிடம் வானில் நின்று 2,439 மீட்டர் உயரம் தொட்டது. 1938 பிப்ரவரியில் ஹன்னா ரைட்ச் அதே இயந்திரத்தைப் பெர்லினின் டாய்ச்லாந்துஹாலே அரங்குக்குள்ளேயே ஓட்டிக் காட்டினார். விஎஸ்-300 தரையை விட்டு எழும்பும் முன்பே நன்றாகப் பறக்கும் ஹெலிகாப்டர் உலகில் இருந்தது. சிகோர்ஸ்கியின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது: ஒரே ஒரு தூக்கும் ரோட்டரை வைத்துக்கொண்டு முழுக் கட்டுப்பாட்டோடு பறக்கலாம் என்று காட்டி, அதை ஆலையில் வரிசையாகச் செய்யும் நிலைக்குக் கொண்டுவந்தார்.

ஒற்றை ரோட்டர் ஏன்?

எஃப்டபிள்யூ 61-இல் இரண்டு தூக்கும் ரோட்டர்கள், இடமும் வலமும் நீண்ட குழாய்ச் சட்டங்களின் நுனியில், எதிரெதிர்த் திசையில் சுழன்றன. ரோட்டரைச் சுழற்றும்போது உடலை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும் விசைக்குத் திருக்கு விசை என்று பெயர்; ஒன்றின் திருக்கு விசையை மற்றொன்று சமன் செய்துவிடும். கணக்குக்கு அழகான வழிதான். ஆனால் அதற்குத் தரும் விலை எடை. இரண்டு ரோட்டர் தலை, இரண்டு கியர் தொகுதி, நீண்ட சுழல்தண்டுகள், அவற்றைத் தாங்கும் சட்டம் எல்லாம் வேண்டும்.

சிகோர்ஸ்கி 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தில் தூக்குவதற்கு ஒரே ரோட்டர், திருக்கைச் சமன் செய்ய வாலில் ஒரு சிறிய ரோட்டர். எண்ணமே அவருக்கு முன்பு யாருக்கும் வந்ததில்லை என்றில்லை. ரஷ்யாவில் போரிஸ் யூரியெவ் 1912-இல் இதே ஏற்பாட்டை வரைந்திருந்தார். நெதர்லாந்தில் ஃபான் பௌம்ஹவர் 1920-களில் அப்படி ஒன்றைக் கட்டியே பார்த்தார். ஆனால் அன்றைய பொறியாளர்கள் பலருக்கு வால் ரோட்டர் வீண்செலவாகப் பட்டது. தூக்குவதற்கே திறன் போதாத காலத்தில், பக்கவாட்டில் தள்ளுவதற்கு ஒரு பங்கைக் கொடுப்பானேன் என்பது அவர்கள் கேள்வி.

அந்தப் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் விஎஸ்-300-இன் ரோட்டர் விட்டம் 28 அடி, அதாவது 8.5 மீட்டர். மூன்று பிளேடுகள். 75 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின். விமானியோடு சேர்த்து எடை 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரோட்டர் சுழன்று மூடும் வட்டத்தின் பரப்பு 57 சதுர மீட்டர். இந்த எடையை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க, காற்றை நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் கீழே தள்ள வேண்டும். எந்த இழப்பும் இல்லாத ரோட்டருக்கே இதற்கு 39 குதிரைத்திறன் வேண்டும். உண்மையான பிளேடுக்குக் காற்றின் இழுவை உண்டு, நுனியில் சுழல்காற்று இழப்பு உண்டு. அவற்றையும் சேர்த்தால் 60 பக்கம் வரும். வால் ரோட்டரையும், கியர், பெல்ட் உராய்வையும் கூட்டினால் 70. கையில் இருந்ததோ 75.

பெரிய ரோட்டர் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றுவதாகக் கொண்டால் அதன் திருக்கு விசை சுமார் 1,700 நியூட்டன்-மீட்டர். வால் ரோட்டர் 5 மீட்டர் பின்னால் இருந்தால் 340 நியூட்டன், ஏறத்தாழ 35 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை தர வேண்டும். அந்தத் தள்ளல் உடலைத் திரும்பாமல் பிடிப்பதோடு நிற்பதில்லை, முழு இயந்திரத்தையும் பக்கவாட்டில் நகர்த்தவும் பார்க்கும். அதற்கு ஈடுகட்ட மேல் ரோட்டரை எதிர்ப்பக்கம் 4 டிகிரி சாய்த்தே வைக்க வேண்டும். ஒற்றை ரோட்டர் ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்கும்போது ஒரு பக்கச் சக்கரம் சற்றுத் தாழ்ந்து தெரிவது இதனால்தான்.

1939: கயிற்றில் கட்டிய பறப்பு

நிறுவனம் யுனைட்டெட் ஏர்கிராஃப்ட். இடம் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபர்டில் இருந்த வாட்-சிகோர்ஸ்கி ஆலை. பணம் ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது 1938 கடைசியில். சிகோர்ஸ்கிக்கு அப்போது வயது 49. கீவ் நகரில் 1909-லும் 1910-லும் இரண்டு ஹெலிகாப்டர்கள் கட்டித் தோற்றவர். அவற்றில் இரண்டாவது தன் எடையை மட்டும் தூக்கியது, ஆளைத் தூக்கவில்லை. பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் விமானமும் பறக்கும் படகும் கட்டிப் பெயர் வாங்கிவிட்டுப் பழைய ஆசைக்குத் திரும்பினார்.

இயந்திரம் பார்ப்பதற்கு எலும்புக்கூடு. பற்றவைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணிப் போர்வைகூட இல்லை. விமானி முன்னால் திறந்த இருக்கையில் உட்கார வேண்டும், எஞ்சின் அவர் முதுகுக்குப் பின்னால். 1939 செப்டம்பர் 14 அன்று சிகோர்ஸ்கியே தலையில் வழக்கமான தொப்பியோடு ஏறி உட்கார்ந்தார். அடியில் கனமான எடைகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், தாறுமாறாக எழும்பிக் கவிழாமல் இருக்க. சக்கரங்கள் தரையை விட்டது சில நொடிகள்தான்.

அந்த முதல் வடிவத்தில் மேல் ரோட்டருக்கு இரண்டு விதக் கட்டுப்பாடும் இருந்தது. கலெக்டிவ் எல்லாப் பிளேடுகளின் கோணத்தையும் ஒருசேரக் கூட்டிக் குறைக்கும். ஏறவும் இறங்கவும் அது. சைக்ளிக் ஒவ்வொரு பிளேடின் கோணத்தையும் சுற்றுக்குச் சுற்று, ஒரு பக்கம் வரும்போது கூட்டி எதிர்ப்பக்கம் போகும்போது குறைக்கும். ரோட்டர் வட்டத்தையே சாய்த்து, சாய்ந்த பக்கம் இயந்திரத்தை நகர்த்த அது.

கலெக்டிவ் வேலை செய்தது. சைக்ளிக் தொல்லை கொடுத்தது. அதிர்வு கடுமையாக இருந்தது, கட்டுப்பாடு கைக்கு அடங்கவில்லை. டிசம்பரில், இன்னும் கயிற்றில் கட்டிய நிலையிலேயே, காற்று அடித்துத் தூக்கியதில் இயந்திரம் கவிழ்ந்து பலத்த சேதம் அடைந்தது.

சைக்ளிக்கில் எங்கே சிக்கல்?

சுழலும் ரோட்டர் சொன்ன இடத்தில் சொன்னபடி சாயாது. பிளேடின் கோணத்தை ஓரிடத்தில் கூட்டினால், அது உச்சத்துக்கு எழும்புவது கால் சுற்று கழித்துத்தான். சுழலும் சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கம் சாய்க்கப் பார்த்தால் அது வேறு பக்கம் திரும்புமே, அதே இயல்பு. ரோட்டரில் இதற்கு நேரான காரணம் இருக்கிறது. பிளேடு அடியில் ஒரு கீல் வைத்து மேலும் கீழும் அசைய விட்டிருக்கிறது. சுழற்சியின் மையவிலக்கு விசை அதை வெளியே இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பினால் பிளேடு இயல்பாக ஆடும் வேகமும் ரோட்டர் சுற்றும் வேகமும் ஒன்றாகிவிடுகின்றன. ஒத்ததிர்வில் இருக்கும் எந்தப் பொருளும் தூண்டலுக்கு 90 டிகிரி பிந்தியே அசையும். கீல் நடு அச்சிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தால் 90-க்குக் கொஞ்சம் குறையும்.

250 சுற்று வேகத்தில் கால் சுற்று என்பது 0.06 நொடி. விமானிக்கு அந்த நேரம் உறைக்காது. ஆனால் திசை தவறினால் உறைக்கும். மூக்கைத் தாழ்த்த வேண்டுமானால், கோணத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் பக்கவாட்டில் நடக்கும்படி இணைப்புக் கம்பிகளைப் பொருத்த வேண்டும். அந்தப் பொருத்தம் 20 டிகிரி பிசகினால், கட்டுப்பாட்டுக் குச்சியை முன்னால் தள்ளும்போது மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டுச் சாய்வாக வரும். விமானி அதைத் திருத்தக் குச்சியைப் பக்கவாட்டில் நகர்த்துவார். அதில் ஒரு பங்கு முன்பின்னாக வரும். தரைக்கு ஒரு அடி உயரத்தில், கயிறு இழுக்கும் நிலையில், இப்படி ஒன்று மாற்றி ஒன்று திருத்திக்கொண்டே இருந்தால் கவிழ்வதற்கு ஒரு காற்றுவீச்சே போதும்.

போதாததற்குச் சிகோர்ஸ்கிக்கும் சரி, அவர் குழுவில் வேறு எவருக்கும் சரி, இப்படிப்பட்ட இயந்திரத்தை ஓட்டிப் பழக்கம் கிடையாது. கோளாறு இயந்திரத்திலா, ஓட்டுபவர் கையிலா என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. அதிர்வை அடக்குவது, இணைப்பைத் திருத்துவது, ஓட்டக் கற்பது மூன்றையும் ஒரே நேரத்தில் தீர்க்க முயன்றால் எதுவும் தீராது.

1940: தூக்குவது ஒருவர், திருப்புவது இன்னொருவர்

மறுபடி கட்டும்போது சைக்ளிக்கை எடுத்துவிட்டார்கள். மேல் ரோட்டருக்குக் கலெக்டிவ் மட்டும். அதன் வேலை தூக்குவது, அவ்வளவே. வால் பகுதியில் இரண்டு பக்கமும் குழாய்க் கைகளை நீட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் படுக்கைவாட்டில் ஒரு சிறிய ரோட்டர் வைத்தார்கள். செங்குத்து வால் ரோட்டர் திரும்புவதற்கு. படுக்கை ரோட்டர்கள் இரண்டின் தூக்கும் விசையையும் ஒன்றாகக் கூட்டினால் வால் எழும்பி மூக்கு தாழும். குறைத்தால் மூக்கு எழும்பும். ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் உடல் பக்கவாட்டில் சாயும். உடல் சாய்ந்தால் மேல் ரோட்டரும் கூடவே சாயும், அந்தப் பக்கம் இயந்திரம் நகரும்.

இதற்கு விலை இருந்தது: கூடுதல் எடை, கூடுதல் சுழல்தண்டு, கூடுதல் கியர். எஞ்சினையும் 90 குதிரைத்திறன் ஃபிராங்க்ளினுக்கு மாற்ற வேண்டி வந்தது. ஆனால் கட்டுப்பாடு தெளிவானது. குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே சாயும், குறுக்கே வேறெதுவும் கலக்காது. நீண்ட கையின் நுனியில் இருப்பதால் சின்ன விசைக்கே நல்ல பலன். 1940 மே 13 அன்று கயிறு இல்லாமல் முதல் முறையாகப் பறந்தது.

இந்த முடிவைப் பின்வாங்கல் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு இதுதான் கதையின் உயிர்நாடி. அந்தரத்தில் நிற்பது, இறங்குவது, திரும்புவது எல்லாம் கைக்குப் பழக வேண்டுமானால் வானில் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். அந்த மணிநேரத்தை வாங்கிக் கொடுத்தவை அந்த இரண்டு குழாய்க் கைகளும்தான்.

முன்னால் போக மறுத்தது

பின்னால் போகும், பக்கவாட்டில் போகும், நின்ற இடத்தில் சுற்றும். முன்னோக்கி வேகம் பிடிக்கப் பார்த்தால் மட்டும் தடுமாறும்.

காரணம் அந்த 6 மீட்டர் காற்றோட்டத்தில் இருக்கிறது. நின்ற இடத்தில் மிதக்கும்போது மேல் ரோட்டர் தள்ளும் காற்று நேராகக் கீழே விழும். வட்டத்துக்கு வெளியே பின்னால் இருக்கும் படுக்கை ரோட்டர்களைத் தொடாது. முன்னால் நகரத் தொடங்கியதும் அந்தக் காற்றுத் தூண் பின்பக்கம் சரியும். முன்னோக்கிய வேகமும் நொடிக்கு 6 மீட்டர் ஆனால், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் தொட்டால், சரிவு ஏறக்குறைய 45 டிகிரி. வேகம் இன்னும் சற்றுக் கூடினால் முழு ஓட்டமும் வால் பக்கம் போய் விழும். மேலிருந்து கீழ்நோக்கி வரும் காற்றில் சிக்கிய படுக்கை ரோட்டரின் பிளேடு காற்றைச் சந்திக்கும் கோணம் குறையும், தூக்கும் விசை விழும். வால் தாழும், மூக்கு எழும்பும், வேகம் தானே குறையும். விமானி முன்னால் தள்ள முயலும் நேரத்தில் இயந்திரம் அதற்கு எதிராகவே வேலை செய்கிறது. மேல் ரோட்டரின் பிளேடு நுனிகளிலிருந்து கழன்று வரும் சுழல்காற்றும் விட்டுவிட்டு அடிப்பதால் குலுக்கல் வேறு.

மேல் ரோட்டரில் இன்னொரு சிக்கல், எல்லா ஹெலிகாப்டருக்கும் பொதுவானது. நுனி வேகம் நொடிக்கு 112 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் முன்னேறினால் ஒரு பக்கப் பிளேடு நுனி காற்றை 134 மீட்டர் வேகத்தில் சந்திக்கும், மறுபக்கம் 90-இல். விசை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால் வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் மேல். இதைத் தீர்த்தவர் ஸ்பெயினின் ஹுவான் தெ லா சியெர்வா. அவருடைய நான்காம் ஆட்டோஜைரோ (எஞ்சின் சுழற்றாமல், எதிர்க்காற்றால் தானே சுழலும் ரோட்டரில் பறக்கும் இயந்திரம்) 1923 ஜனவரியில் பறந்தது, பிளேடு அடியில் கீல் வைத்ததால்தான். வேகமாகக் காற்றைச் சந்திக்கும் பிளேடு மேலே எழும்பித் தன் கோணத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விஎஸ்-300-உம் அந்தக் கீலின் மேல்தான் நின்றது. ஆனால் கீல் இருந்தால் மட்டும் போதாது. வேகம் கூடக் கூட ரோட்டர் வட்டம் பின்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். அதை முன்னால் பிடித்து நிறுத்தச் சைக்ளிக் இருந்தால் நேரடியாக முடியும். சைக்ளிக் இல்லாமல், முழு உடலையும் வாலால் நெம்பித்தான் செய்ய வேண்டும். அந்த வாலும் மேல் ரோட்டரின் காற்றில் மாட்டிக்கொண்டிருந்தது.

இருந்தும் இந்த வடிவத்திலேயே பெரிய சாதனை வந்தது. 1941 ஏப்ரல் 15 அன்று 1 மணி 5 நிமிடம். மே 6 அன்று 1 மணி 32 நிமிடம் 26 நொடி. எஃப்டபிள்யூ 61-இன் உலகச் சாதனை முறிந்தது. நேரச் சாதனைக்கு முன்னால் போக வேண்டிய அவசியமில்லை, நின்றாலே போதும் என்பதை அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். ஏப்ரல் 17 அன்று ரப்பர் மிதவைகளைக் கட்டித் தண்ணீரிலிருந்தும் எழும்பினார்கள்.

1941: ஒவ்வொன்றாகக் கழற்றியது

ஜனவரியிலேயே அமெரிக்கத் தரைப்படை எக்ஸ்ஆர்-4 என்ற இரண்டு இருக்கை ஹெலிகாப்டருக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டது. முன்னால் போகாத ஹெலிகாப்டரைப் படைக்குக் கொடுக்க முடியாது. ஆக, சைக்ளிக்கை மறுபடி தொட்டாக வேண்டும்.

மொத்தமாக மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோடையில் பக்கக் கைகள் இரண்டும் போயின. மேல் ரோட்டருக்குப் பக்கவாட்டுச் சைக்ளிக் மட்டும் திரும்பி வந்தது. முன்பின் சாய்வுக்கு ஒரே ஒரு படுக்கை ரோட்டர், வாலின் மேல் உயரமான தூணில், காற்றோட்டத்துக்கு மேலே. இப்போது பக்கவாட்டில் கோளாறு வந்தால் அது சைக்ளிக்கின் கோளாறு. முன்பின்னாக வந்தால் தூண் ரோட்டரின் கோளாறு. எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. ஒன்றரை ஆண்டு ஓட்டிய கைகள் வேறு இப்போது கூடவே இருந்தன. பக்கவாட்டுச் சைக்ளிக் ஒழுங்காக நடந்த பிறகே முன்பின் சைக்ளிக்கும் வந்தது. தூணும் அதன் ரோட்டரும் கழன்றன. டிசம்பரில் பறந்தது 1939-இன் அதே ஏற்பாடு. எஞ்சின் கடைசியில் 150 குதிரைத்திறன், முதலில் இருந்ததற்கு இரு மடங்கு.

இந்தக் காலத்தில் ரோட்டர்க்காரர்கள் அனைவரையும் பயமுறுத்திய இன்னொரு கோளாறு தரையில் நிற்கும்போதே வரும். பிளேடுகள் முன்பின்னாகவும் அசையக் கீல் உண்டு. ஏதோ ஒரு தட்டலில் மூன்றும் சம இடைவெளி தவறினால், மொத்த எடையின் மையம் அச்சை விட்டு விலகிச் சுற்றத் தொடங்கும். அந்த ஆட்டமும் சக்கரக் கால்களின் துள்ளலும் ஒத்துப்போனால், சில நொடிகளில் இயந்திரம் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும். மருந்து இரண்டு: கீலில் ஆட்டத்தை உறிஞ்சும் டாம்பர், சக்கரக் காலில் அதிர்வை உறிஞ்சும் அமைப்பு. தொடங்கிவிட்டால், ரோட்டர் வேகம் போதுமான அளவு இருக்கும்பட்சத்தில் உடனே தரையை விட்டு எழும்பிவிடுவதுதான் வழி, தரையின் தொடர்பு அறுந்ததும் ஆட்டம் அடங்கும். இதன் கணக்கை நாசாவின் முன்னோடியான நாகாவின் ஆய்வாளர்கள் 1940-களின் தொடக்கத்தில்தான் முழுதாக எழுதி முடித்தார்கள்.

பிறகு

எக்ஸ்ஆர்-4 1942 ஜனவரி 14 அன்று லெஸ் மாரிஸ் ஓட்டப் பறந்தது. அதே ஆண்டு மே மாதம் ஸ்ட்ராட்ஃபர்டிலிருந்து ஒஹையோவின் ரைட் ஃபீல்டுக்கு 761 மைல், நடுநடுவே இறங்கி, 16 மணி 10 நிமிடப் பறப்பில் போய்ச் சேர்ந்தது. ஆர்-4 வரிசையில் 131 இயந்திரங்கள் செய்யப்பட்டன. விஎஸ்-300-ஐ 1943 அக்டோபரில் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

கட்டுப்பாடு தீர்ந்தது, திறன் பற்றாக்குறை தீரவில்லை. அது முகத்தில் அறைந்தது நம் பக்கத்தில்தான். 1944 ஏப்ரலில் அசாமின் லாலாகாட்டிலிருந்து கொண்டுபோன ஆர்-4 வரிசை ஹெலிகாப்டரான ஒய்ஆர்-4பி ஒன்றை லெப்டினன்ட் கார்ட்டர் ஹார்மன் பர்மாக் காட்டுக்குள் ஓட்டினார். விழுந்த சிறு விமானத்தின் விமானியையும், காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களையும் மீட்க வேண்டும். போரில் ஹெலிகாப்டரால் நடந்த முதல் மீட்பு இது. ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் ஏற்ற முடிந்தது. எஞ்சின் சூடேறித் திணறியதால் இரண்டு பேரை முதல் நாளும் மற்ற இரண்டு பேரை மறுநாளும் கொண்டுவந்தார். 35 டிகிரி வெயிலில் 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்துக் குளிர்ந்த காற்றைவிட 17 சதவீதம் குறைவு. அதே எடையைத் தூக்கும் வேலைக்கு ரோட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். எஞ்சினோ காற்றின் அடர்த்தி குறைந்த அளவுக்குத் தன் திறனில் இழக்கும். 200 குதிரைத்திறனைக்கூட எட்டாத எஞ்சினில் அந்தப் பள்ளத்தை அடைக்க ஒரே வழி எடையைக் குறைப்பது, அதாவது ஆளைக் குறைப்பது.